கோயம்புத்தூருக்குப் போகாத மெயில்

விஸ்வநத்தத்திலிருந்து சிவகாசிக்கு வரும் சாலையில் பாதி தூரம் நடந்த பிறகுதான் போர்வையை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் எடுத்திருக்கலாம். போனால் ஃபோர்மேன் முகத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஆடி மாதத்தில் போர்வை எதற்கு என்று மேலே நடந்தேன்.

அந்தப் பட்டாசு கம்பெனியில் எனக்குப் பெட்டி தூக்கும் வேலை. ஏழு வாரம் தூக்கினேன். அன்று காலை வெடிமருந்து கலக்கும் அறைக்கு வர வேண்டியவர் வரவில்லை, நீ போ என்றார் ஃபோர்மேன். தெரியாத வேலை, போக மாட்டேன் என்றேன். அப்படியென்றால் பெட்டியும் தூக்க வேண்டாம் என்றார். சண்டை எதுவும் இல்லை. கைகால் கழுவிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினேன். நான் போவதை அவர் நின்று பார்க்கக்கூட இல்லை, அவருக்கு லோடு ஏற்ற வேண்டியிருந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எனக்கு இப்படித்தான். லாரியில் கிளீனர், ராஜபாளையத்தில் மில், விருதுநகரில் மல்லி வத்தல் மண்டியில் சாக்கு தைப்பது, பிறகு அதே ஊரில் ஒரு இன்டர்நெட் கம்பெனிக்குக் கம்பம் ஏறிக் கேபிள் இழுப்பது. எந்த வேலையையும் வெறுத்து விட்டதில்லை. ஒரு நாள் காலையில் கால் வேறு பக்கம் திரும்பிவிடும். சில நாள் சாப்பாடு இருக்காது, அதுவும் பழகிவிட்டது. சிவகாசியைத் தாண்டித் திருத்தங்கல் வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. காற்று மண்ணை வாரி முகத்தில் போட்டது. விருதுநகருக்குப் போய்ப் பழைய மண்டியில் கேட்டுப் பார்க்கலாம் என்று பஸ்ஸுக்கு நின்றேன்.

பஸ்ஸுக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவரை எனக்குத் தெரியும். திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தின் டிரைவர். அச்சகத்தின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அதைத் துணியில் சுற்றி விருதுநகரில் எங்கள் இன்டர்நெட் கம்பெனிக்குக் கொண்டுவருபவர் அவர்தான்.

"ஏலே, நெட்டு கம்பெனில கம்பத்துல தொங்கிக்கிட்டுக் கெடந்தவன்தான நீ?"

"ஆமாண்ணே."

"மெயிலு சமாச்சாரம் தெரியுமா?"

"கேபிள்தான் நல்லாத் தெரியும். மெயில் கொஞ்சம்."

"கொஞ்சம் தெரிஞ்சவன்தான் வேணும். நெறையத் தெரிஞ்ச மதுரை இன்ஜினியரு மூணு நாளா போன எடுக்க மாட்டேங்காரு. ஏறு."

வேனில் போகும்போதே விஷயத்தைச் சொன்னார். அச்சக ஆபீசில் கம்ப்யூட்டர் பார்ப்பது அவருடைய கொழுந்தியா, மனைவியின் தங்கை. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக்கடை காலண்டர் ஆர்டர் கொடுத்திருக்கிறது. படத்தின் மாதிரியை மெயிலில் அனுப்பி, அவர்கள் சரி என்றால்தான் அச்சடிக்க முடியும். நான்கு தடவை அனுப்பிவிட்டேன் என்கிறாள் இவள். ஒன்றுகூட வரவில்லை என்கிறது கடை. இன்று சாயங்காலத்துக்குள் கண்ணில் காட்டாவிட்டால் வேறு அச்சகத்துக்குப் போய்விடுவோம் என்று காலையில் போன் வந்ததாம்.

"மொதலாளி என்ன சொல்றாரு?"

"என்ன சொல்வாரு. அந்த ஆர்டரு போச்சுன்னா நீயும் அது பின்னாலயே போயிரும்மான்னாரு. கத்தக்கூட இல்ல. கத்துனா மறுநாளு மறந்துருவாரு. மெதுவாச் சொன்னாருன்னா செய்வாரு."

ஆபீஸ் அச்சகத்தின் முன்பக்கம் இருந்தது. பின்னால் மெஷின் ஓடுகிற ஓட்டத்தில் மேஜை மேல் இருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கிக்கொண்டே இருந்தது. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. அந்த அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூடுதலாக இருக்கும். அழுது முடித்த முகம். ஆனால் பேச்சு நேராக இருந்தது.

"இங்கன பாருங்க தம்பி, நாலு தடவையும் போனதுன்னு இருக்கு. மொதலாளிகிட்டக் காட்டுனேன். இது நம்ம வீட்டுல இருக்குற காப்பிதானம்மா, கார்ட போஸ்ட் பண்ணாமக்கூட காப்பி வச்சிருக்கலாம்லங்காரு. நான் வேற எதைக் காட்டுவேன்?"

முதலாளி சொன்னதில் தப்பு இல்லை. அனுப்பியவர் பெட்டியில் இருப்பது அனுப்பியதற்குச் சாட்சி ஆகாது. சாட்சி வேறு இடத்தில் இருந்தது. மேஜைக்கு அடியில், யு.பி.எஸ். பக்கத்தில், தூசிக்குத் துண்டு போர்த்தி ஒரு பழைய பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அச்சகத்தின் பெயரிலேயே மெயில் போக வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டு, மதுரை இன்ஜினியர் வைத்துக்கொடுத்த மெயில் சர்வர். துண்டை விலக்கினால் பெட்டியின் பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவில் பாஸ்வேர்டு எழுதியிருந்தது.

இன்டர்நெட் கம்பெனியில் வேலை பார்த்த கோடையில், கம்பத்தில் ஏற முடியாத வெயில் நேரத்தில் சர்வர் அறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஏ.சி. இருந்தது அங்கே மட்டும்தான். சும்மா உட்காரக் கூடாது என்பதற்காக அங்கிருந்தவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். திரையில் வரி வரியாக ஓடும், அதில் 'ரிஜெக்ட்' என்று வந்தால் குரல் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் குரல் கொடுத்தேன். அந்த வரிகளில் மொத்தமே இருபது முப்பது ஆங்கில வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வரும். எட்டாம் வகுப்புக்கு அது போதும்.

சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு நம்பர் போடும், ரயில்வேயில் பார்சலுக்கு ரசீது போடுவது போல. யார் கொடுத்தது, யாருக்கு, எத்தனை கனம், எந்த நேரம், எதிராளி என்ன சொன்னான் என்று எல்லாம் அந்த நம்பரின் கீழ் எழுதி வைத்திருக்கும். எதிராளியின் பதிலும் ஒரு நம்பரில் தொடங்கும். இரண்டில் தொடங்கினால் வாங்கிக்கொண்டான். நான்கில் தொடங்கினால் அப்புறம் வரச் சொல்கிறான். ஐந்தில் தொடங்கினால் வராதே என்கிறான்.

கோயம்புத்தூர் கடையின் முகவரியைக் கொடுத்துத் தேடினேன். நான்கு நம்பர் வந்தது. நான்கு நாள், நான்கு நேரம், நான்கிலும் அக்காவின் பெயர். நான்கிலும் கடைசியில் ஐந்நூற்று ஐம்பத்து நான்கு.

"அக்கா, நீங்க அனுப்பிருக்கீக. நாலு தடவையும் கோயம்புத்தூர் வாசல் வரைக்கும் போயிருக்கு. அவுக சர்வர் உள்ள விடல."

அக்கா பிரிண்டரில் ஒரு தாளைச் செருகினார். "இத அப்படியே அச்சடிச்சுத் தாங்க" என்றார்.

"அட, ஏன் விடலன்னு கேளு புள்ள" என்றார் டிரைவர். "அச்சடிச்சுக் கொண்டுபோயி நீட்டினா மொதலாளி அதத்தான் மொதல்ல கேப்பாரு."

ஏன் என்பதற்கும் அந்த வரியிலேயே பதில் இருந்தது. உங்கள் சர்வர் தடைப்பட்டியலில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. கண்டபடி விளம்பர மெயில் அனுப்புகிற சர்வர்களை ஒரு பட்டியலில் போட்டு வைப்பார்கள். சில கம்பெனிகள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கும், சில கம்பெனிகள் பார்க்காது. மற்ற மெயில்கள் பல போய்ச் சேர்ந்துகொண்டிருந்ததும், யாருக்கும் சந்தேகம் வராததும் அதனால்தான்.

மூன்று வாரம் பின்னால் போய்ப் பார்த்தேன். அப்போது இதே கடைக்கு ஒரு மெயில் போயிருக்கிறது, வாங்கியும் இருக்கிறார்கள். அதற்கும் இதற்கும் நடுவில்தான் எதுவோ நடந்திருக்க வேண்டும். வரிகளை மேலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மெயில், அவ்வளவுதான் அந்த அச்சகத்தின் புழக்கம். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு நாளில் மட்டும் வரிகள் நிற்காமல் ஓடின. விரல் வலிக்கிற வரைக்கும் தள்ளினேன். இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மெயில்கள், ஒவ்வொன்றும் நல்ல கனம், எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். அதில் ஆறில் ஒன்று அப்படி ஒரு ஆளே இல்லை என்று திரும்பியிருந்தது. தொடங்கிய நேரம் ஐந்தே கால்.

"காலங்காத்தால அஞ்சே காலுக்கு எவன்லே இங்கன வந்தான்?" என்றார் டிரைவர். "சாவி மொதலாளிகிட்டல்ல இருக்கு."

"வாட்ச்மேன் அண்ணனுக்குக் கம்ப்யூட்டரப் போடக்கூடத் தெரியாது அத்தான்."

"தெரியாதுன்னு சொல்றான். ராத்திரி பூராவும் தனியா இருக்கான், எம்புட்டுப் படிச்சிருக்கானோ."

எனக்கும் புரியவில்லை. கொஞ்ச நேரம் மற்ற நாட்களின் வரிகளைப் பார்த்தேன். தினமும் முதல் மெயில் மூன்றே முக்கால் வாக்கில்தான் போயிருந்தது.

"அக்கா, நீங்க எத்தன மணிக்கு வருவீக?"

"ஒம்போதேகாலுக்குச் சீட்டுல இருப்பேன். ஒரு நாளும் பிந்துனதில்ல."

மூன்றே முக்காலுக்கும் ஒன்பதே காலுக்கும் ஐந்தரை மணி நேரம். அப்போதுதான் ஞாபகம் வந்தது. இன்ஜினியர் அந்தப் பெட்டிக்கு நம் ஊர் நேரத்தை வைக்கவில்லை, கிரீன்விச் நேரத்திலேயே விட்டுவிட்டார். விருதுநகரிலும் இதே கதைதான், அங்கே எல்லோரும் வாயாலேயே ஐந்தரையைக் கூட்டிக்கொள்வோம். ஐந்தே காலோடு ஐந்தரை. பத்தே முக்கால்.

சுவரில் அவர்கள் அடித்த தினசரி காலண்டர் தொங்கியது. கிழித்த தாள்களை அக்கா வீணாக்காமல் கிளிப் போட்டு வைத்து, பின்பக்கத்தில் கணக்குப் போடுவார். அந்தக் கட்டில் பன்னிரண்டு நாளைக்கு முந்தைய தாளைத் தேடி எடுத்தேன். ஆடிப்பெருக்கு. நல்ல நேரம் காலை பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை.

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு இந்த நேரத்துல இங்கன என்ன நடந்துச்சு?"

அக்கா டிரைவரைப் பார்த்தார். டிரைவர் மெஷின் இருந்த பக்கம் பார்த்தார்.

"ஆல்பம் போட்டோம்" என்றார் அக்கா மெதுவாக.

அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் இந்தப் பக்கத்து அச்சகங்களில் ஆடிப்பெருக்கு அன்றுதான் வெளியே வரும். அன்று தொட்டால் ஆர்டர் பெருகும் என்று நம்பிக்கை. முன்பெல்லாம் ஊர் ஊராக இருக்கும் ஏஜென்ட்டுகளுக்குக் கார்டு போடுவார்கள். அந்த வருஷம் கார்டுக்குப் பதில் மெயில், கூடவே ஆல்பத்தின் படங்கள். ஏஜென்ட்டுகளின் முகவரிகளை எல்லாம் அக்கா இரண்டு மாதமாக உட்கார்ந்து ஏற்றி வைத்திருந்தார். நல்ல நேரம் பிறந்ததும் முதலாளி தன் கையாலேயே பொத்தானை அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்களாம். டிரைவருக்கு லட்டு இரண்டு கிடைத்ததாம்.

ஒரு நாளைக்கு முப்பது மெயில் அனுப்புகிற பெட்டி ஒரு மணி நேரத்தில் இரண்டாயிரம் அனுப்பினால், அதிலும் ஆறில் ஒன்று இல்லாத ஆளுக்குப் போனால், பார்க்கிறவன் என்ன நினைப்பான். பட்டியலில் போட்டுவிட்டான்.

"இத மொதலாளிகிட்ட யாரு சொல்றது?" என்றார் டிரைவர். "நான் வேன் தொடைக்கணும்."

"நான் சொல்றேண்ணே. எனக்குப் போறதுக்கு ஒரு வேலையும் இல்ல, காலையிலயே போயிருச்சு."

நான்கு மணிக்கு மேல் முதலாளி அஸர் தொழுகை முடித்து வந்தார். விருதுநகரில் வியாபாரக் குடும்பம், அவருடைய அத்தா, அதாவது அப்பா, காலத்தில் இங்கே அச்சகம் போட்டவர்கள். தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, யார் இது என்பது போல் பார்த்தார். டிரைவர் சொன்னார். நான் திரையைக் காட்டி நான்கு வரிகளையும் முதலில் சொன்னேன். பிறகு ஆடிப்பெருக்கையும் சொன்னேன். பொத்தானை அழுத்தியது யார் என்பதை நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

முதலாளி ஐந்தே கால் என்றிருந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எங்க அத்தா காலத்துல கார்டு எல்லாத்தையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளதான் தபால் பெட்டில போடுவோம். மூட்டையாக் கொண்டுபோயிக் கொட்டுவோம். போஸ்ட் மாஸ்டர் ஒண்ணும் சொன்னதில்லையே தம்பி."

"அவருக்கு உங்களத் தெரியும் மொதலாளி. இந்தப் பட்டியல் போடுறவுகளுக்குத் தெரியாது."

"நமக்கு எல்லா நேரமும் அல்லா குடுத்த நேரந்தான். ஏஜென்டுகளுக்குத்தான் பத்தே முக்கா வேணும். பதினொண்ணே முக்காலுக்கு மேல ஒரு கார்டு போச்சுன்னு தெரிஞ்சா, ஏன் பாய் எனக்கு மட்டும் ராகு காலத்துல அனுப்பிச்சீகன்னு கேப்பாங்க."

அப்போது அக்கா பேசினார். "மொதலாளி, என் மேலயும் தப்பு இருக்கு. போகலன்னு பதில் நாலு தடவையும் திரும்பி வந்திருக்கு. நான்தான் பாக்காம அழிச்சிட்டேன். ஆடிப்பெருக்குக்கு அப்புறம் அதே மாதிரி நூத்துக்கணக்குல வந்துச்சு. மதுரை இன்ஜினியர்கிட்டக் கேட்டேன், இங்கிலீசுல வர்றதெல்லாம் பழைய அட்ரஸோட குப்பை, அழிச்சிருங்கன்னாரு."

அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்தப் பதில்கள் திரும்பி வந்ததைச் சர்வர் வரிகளிலேயே பார்த்திருந்தேன், ஆனால் நான் சொல்வதாக இல்லை. முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கோயம்புத்தூருக்கு எண்களை அழுத்தினார். நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

"அண்ணாச்சி, நான்தான். தப்பு எங்க பக்கந்தான். எங்க பொண்ணு நாலு தடவ அனுப்பிருக்கு, எங்க மெஷின்ல கோளாறு. அரை மணி நேரத்துல வேற வழியா வரும். பாத்துட்டுக் கூப்பிடுங்க."

எங்க பொண்ணு என்று அவர் சொன்னபோது அக்கா காலண்டர் தாள்களைக் கிளிப்பில் திரும்ப மாட்டத் தொடங்கினார். ஏற்கெனவே சரியாக இருந்ததைக் கழற்றி மாட்டினார்.

இன்னொரு முறை தடைபடக் கூடாது என்று அச்சகத்து லைனையே தொடாமல், படத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு டிரைவரும் நானும் பஸ் ஸ்டாப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம். இலவச மெயிலில் ஒரு கணக்குத் திறந்து அனுப்பினேன். கம்பெனி பெயர் இல்லாமல் அனுப்பினால் மதிக்க மாட்டார்கள் என்று முதலாளி அதுவரை அதற்கு ஒப்பவில்லை. வேனில் திரும்பி வரும்போது டிரைவர் இரண்டு பேருக்கும் பஜ்ஜி வாங்கினார். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் கண்டுபிடித்தார்.

"சொல்ல வேண்டியதுதானலே?"

"நீங்க மெயிலப் பத்தித்தானண்ணே கேட்டீக."

இன்னும் நான்கு வாங்கினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயம்புத்தூரிலிருந்து போன் வந்துவிட்டிருந்தது. படம் கிடைத்தது, லட்சுமியின் சேலைப் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, அதை மட்டும் குறைத்துவிட்டு அச்சுக்கு ஏற்றுங்கள் என்றார்களாம். அக்கா ஏற்கெனவே பச்சையைக் குறைத்துக்கொண்டிருந்தார். முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் இன்ஜினியர் போனை எடுத்தார். பட்டியலிலிருந்து பெயரை நீக்க எழுதிக் கேட்கலாம், ஆனால் இல்லாத முகவரிகளை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் இதே கதிதான் என்றார். அடுத்த வருஷம் நல்ல நேரத்தில் ஐம்பது பேருக்கு மட்டும் அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்கு அன்றே மெல்ல மெல்ல அனுப்பலாம் என்று அக்கா யோசனை சொன்னார். எந்த ஐம்பது பேர் என்று முதலாளி உடனே கவலைப்படத் தொடங்கினார்.

பிறகு என்னிடம் கேட்டார். "நீ எந்தூரு தம்பி?"

சொன்னேன். ஊரில் யாரும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"இங்கயே உக்காந்து இந்த மெஷினப் பாத்துக்கிறியா?"

உட்காரலாம்தான். மின்விசிறி இருந்தது. ஆனால் அக்கா அதற்குள் வேஸ்ட் தாளின் பின்பக்கத்தில் இரண்டு, நான்கு, ஐந்து என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் அர்த்தம் எழுதி, அடியில் 'ஐந்தரை கூட்ட வேண்டும்' என்று கோடு போட்டிருந்தார். தேடுகிற கட்டளையை இரண்டு தடவை தானே அடித்தும் பார்த்துவிட்டார். நானும் உட்கார்ந்தால் ஒரு வேலைக்கு இரண்டு பேர். அப்படி வந்தால் ஒரு நாள் யாராவது ஒருவரைப் போகச் சொல்வார்கள்.

"அக்காவுக்கே பாக்கத் தெரிஞ்சிருச்சு மொதலாளி. வேற ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க."

"வேறன்னா..." என்று இழுத்தார். பிறகு திரையைக் காட்டினார். ஆள் இல்லை என்று திரும்பிய முந்நூற்றுச் சொச்சம் முகவரிகள் அதில் இருந்தன. "இதுல பாதிப் பேரு போன் நம்பரும் மாத்திட்டாங்க. ஆல்பத்தக் கையில கொண்டுபோயிக் காட்டிட்டு, சரியான அட்ரஸ வாங்கிட்டு வர ஒரு ஆளு வேணும். ஊர் ஊரா அலையணும். ஒரு எடத்துல தங்க முடியாது. பாவம், எவனும் வர மாட்டேங்கான்."

டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சரி என்றேன்.

அன்று பின்கட்டில் காகிதக் கட்டுகளின் மேல் படுத்துத் தூங்கினேன். மெத்தையைவிடக் கொஞ்சம் கடினம், தரையைவிட நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலையில் அக்கா ஒன்பதே காலுக்கு வரவில்லை, எட்டுக்கே வந்துவிட்டார். அந்தப் பெயர்களைச் சர்வரிலிருந்து எடுத்து, ஊர் வாரியாகப் பிரித்து, வழி பிசகாமல் வரிசைப்படுத்தியிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே புது முகவரி எழுத இடம் விட்டிருந்தார். "கடைக்காரரையே எழுதச் சொல்லுங்க தம்பி. அவுக சொல்லச் சொல்ல நீங்க எழுதாதீக, தப்பு வரும்" என்றார். பையில் இரண்டு ஆல்பம், ஒரு பேனா. ஒரு டிபன் டப்பாவில் இட்லியும் கொடுத்தார், அது டிரைவர் சொல்லிச் செய்ததாக இருக்கும்.

முதல் ஊர் அருப்புக்கோட்டை, முதல் பெயர் ஒரு பாத்திரக்கடை. டிரைவர் என்னை விருதுநகர் வரை கொண்டுவந்து அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கண்டக்டர் பையை சீட்டுக்கு அடியில் தள்ளச் சொன்னார். ஆல்பம் மடங்கிவிடும் என்று சொல்லி அதை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.